கட்டுப்பாடுகளில் தொக்கி நிற்கும் 'உம்'

'இரவு பகல்' என்பது உம்மைத்தொகை. 'உம்' எழுதப்படாமலே பொருள் தருகிறது. உகப்பாக்க நிரலிலும் அப்படியே. கட்டுப்பாடுகளை வரிவரியாக எழுதினால் போதும். அனைத்தும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பது தானே பெறப்படும். இடையே இணைப்புச்சொல் இடுவது தீங்காகவும் முடியலாம். பைத்தான் மொழியின் 'அண்ட்' இரு கட்டுப்பாடுகளைச் சேர்த்துத் தராது. அவற்றுள் ஒன்றையே தரும். மற்றொன்று ஓசையின்றி மறையக்கூடும்.

முடிவுகளை இணைக்கும் 'உம்' வேறு வகையது. அதனை விரித்தே எழுதவேண்டும். பள்ளிக் கால அட்டவணையைக் கொள்வோம். ஓர் ஆசிரியருக்குத் திங்கட்கிழமை மாலை இறுதிப் பாடவேளை அமைந்தால் க = 1, இல்லையேல் 0. செவ்வாய்க்கிழமை காலை முதற்பாடவேளைக்கு அவ்வாறே ச. இரண்டும் அவருக்கே அமைந்தால் மட்டும் த = 1 ஆகவேண்டும்; இல்லையேல் 0. 'த = க × ச' என்று பெருக்கினால் நேரியல் தன்மை கெடும். ஆதலால் மூன்று சமனிலிகள்:

த ≤ க
த ≤ ச
த ≥ க + ச − 1

இரண்டும் 1 எனில் மூன்றாவது சமனிலி த-வை 1 ஆக்கும். ஏதேனும் ஒன்று 0 எனில் முதலிரண்டும் அதனை 0-இல் நிறுத்தும்.

மூன்றாவது விடுபட்டால் நேர்வது என்ன? இச்சுமையைக் குறைப்பதே நம் இலக்கு எனில், கணினி த-வைச் சுழியமாக்கிச் சுமையே இல்லையெனக் கணக்குக் காட்டும். ஆசிரியரோ மாலை தாமதமாக வீடு திரும்பி, மறுநாள் முதல் மணிக்கே வகுப்பில் நிற்பார். மாறாக, அவ்விணைவை மிகுவிப்பதே இலக்கானால் காவல் முதலிரண்டிடம் இருக்கும். இலக்கு பின்னர் மாறவும் கூடும் என்பதால் மூன்றையும் எழுதிவைப்பதே என் வழக்கம்.