பருமனோ, பொருத்தமோ?

வேகக் காருக்குப் பெரிய இன்ரர்கூலர் வாங்க விழைந்த எம் பழைய மாணவர் ஒருவர், எத்துணைப் பெரிது நன்று என எம்மை வினவினார். அவருடையது 2002 முதல் 2006 வரை விற்பனையான மினி கூப்பர் எஸ், 1.6 இலீற்றர் இயந்திரமும், அதற்கு வளியை அமுக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜரும் உடையது.

அமுக்கிய வளி சூடேறும். சைக்கிள் பம்பைத் தொட்டவர் இதனை அறிவர். 30 பாகை செல்சியஸ் வளியை ஒன்றரை மடங்கு அமுக்கத்துக்கு உயர்த்தின், இழப்பேதும் இல்லையெனினும் ஏறத்தாழ 67 பாகையாகும். நடைமுறையில் மேலும் ஏறும். சூடான வளி அடர்த்தி குன்றும். எரிகலவை சுவாலை எட்டுமுன் தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கவும் கூடும். அவ்வெப்பத்தைப் புறக்காற்றிற் கழிப்பதே இன்ரர்கூலரின் தொழில்.

ஆயின், அதன் உட்பாதை நெருக்கமாயின் அமுக்கம் வழியிலேயே குறையும். மேலும், இக்காரில் அது இயந்திரத்தின் மேல் அமர்ந்து, பொனற்றின் வாய்வழிப் புகும் காற்றாற் குளிர்வது. ஆதலின் வாங்குமுன், பொனற் தடையின்றி மூடுமா, புகும் காற்றுப் பக்கங்களில் ஒழுகாது முகப்பு முழுவதும் பாயுமா என அளந்து காண்க. பொருத்தியபின் இரப்பர் இணைப்புகளிற் கசிவு உண்டோவெனச் சோதிக்க.

காற்றுப் படாத பரப்பு வெறுஞ் சுமையே. இயந்திரத்தைக் காப்பது பருமனன்று, பொருத்தமே என்போம்.