தன் பெயர் கேட்டு நாணிய மன்னன்!
கொல்லிமலை தந்த பழைய நாடகம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காணலாம். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அங்கே அரசு விழா நடக்கிறது. வில் போட்டி உண்டு. கலை நிகழ்ச்சிகளும் உண்டு.

அந்த மேடைக்கென்றே பிறந்தது போன்ற நாடகம் ஒன்று இருக்கிறது. அதுதான் புறநானூற்றின் 152-ஆம் பாட்டு! பாடியவர் வன்பரணர்.

காட்சி இதுதான். பசியோடு காட்டுவழியே வருகிறது ஒரு கூத்தர் கூட்டம். எதிரே ஒரு வேட்டுவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி மூன்றையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது!

“இவன் விலைக்கு இறைச்சி விற்பவனாகத் தோன்றவில்லையே! ஓரிதானோ?” என்று ஐயுறுகிறார் தலைவர். முழவு அதிர, யாழ் ஒலிக்கப் பாடுகிறார்கள். பாட்டின் முடிவில் “கோ” என்று விளிக்கிறார்கள். அது தன் பெயராயிற்றே! வேட்டுவன் நாணித் தலை குனிகிறான். அடுத்த கணம் மான்கறியும் தேனும், பொன்னும் மணியும் வாரித் தருகிறான்.

இதை நடிப்பது எளிதா? தெருக்கூத்தில் அரசன் திரைக்குப் பின்னே நின்று, தன் பெருமையைத் தானே பாடி வருவான். இங்கோ, பெயரைக் கேட்டதுமே கூசுகிறான் அரசன். அம்பு விடுவதை எவரும் நடித்துவிடலாம். அந்த நாணத்தை நடிக்க ஒரு நல்ல வாத்தியார் வேண்டும்.

அத்தகைய வாத்தியார்தான் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்தவர், பின்னர் ஆசிரியரானார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில் பயின்றவர்களே டி.கே.எஸ். சகோதரர்கள். அங்கே சிறுவர்களுக்குப் பாடமும் கிடைத்தது, சோறும் கிடைத்தது.

சோறு என்றதும் அடுத்த பாட்டு நினைவுக்கு வருகிறது. ஓரியிடம் போன கூத்தர்கள் வயிறார உண்டு, ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்களாம்! புறம் 153 சொல்லும் செய்தி இது.

இன்றைய கூத்துக் கலைஞர் நிலை என்ன? திருவிழாக் காலத்தில் விடிய விடிய ஆட்டம். மழைக்காலத்தில் கூலி வேலை. வயிறு நிறைந்து கலையை மறந்தவர்கள் அன்றைய கூத்தர்கள். வயிறு நிறையாததால் கலையை விட்டுவிடும் நிலை இன்றைய கூத்தருக்கு வரலாமா?

சேலம், நாமக்கல் பகுதிக் கூத்து வாத்தியார்களை மலைப் பள்ளிகளுக்கு அழைக்கலாம். ஆண்டு முழுவதும் ஊதியம் தந்து பிள்ளைகளைப் பயிற்றச் சொல்லலாம். ஆடிப்பெருக்கன்று செம்மேட்டு மேடையில் ஒரு மலைச் சிறுவன் ஓரியாக நின்று, தன் பெயர் கேட்டுத் தலை குனியட்டும். ஓரிக்கு அதைவிடச் சிறந்த விழா ஏது?