புகைபோக்கிக்கு வெளியே பிறக்கும் தூசு

கொட்டியாறுக் குடாவின் ஓரத்தில், சம்பூரில், 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று எழும்ப இருந்தது. 2006 போரில் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் சேர்ந்து வகுத்த திட்டம் அது. ஊரார் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது. 2016 செப்டெம்பரில், அதைச் சம்பூரில் கட்டப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது.

கட்டியிருந்தால் காற்றில் என்ன கலந்திருக்கும்? ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி வேண்டும். முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு 4,800 தொன். அதில் அரை வீதம் கந்தகம் என்று வைத்தாலும் 24 தொன். எரிந்து ஒட்சிசனோடு சேரும்போது 48 தொன் கந்தகவீரொட்சைட்டு. சாம்பலின் பெரும்பகுதியை வடிகட்டி பிடித்துவிடும். இந்த வாயுவைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் வாயு அப்படியே வெளியேறும்.

விந்தை அதன் பிறகுதான் தொடங்குகிறது. வெயிலிலும் ஈரப்பதத்திலும் வாயு மெல்ல சல்பூரிக்கமிலமாகிறது. வயலிலிருந்தும் மாட்டுப்பட்டியிலிருந்தும் எழும் அமோனியாவோடு சேர்ந்து திண்மத் துகளாகிறது. எந்தப் புகைபோக்கியிலும் இல்லாத தூசு, நடுவானில் உருவாகிவிடுகிறது! பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரிலும் சிறியது. தலைமயிரின் தடிப்போ பொதுவாக 50 மைக்ரோமீட்டருக்கு மேல். விரைவில் கீழே படியாத அளவு இது. மழை கழுவாவிட்டால் நாட்கணக்கில் மிதக்கும். கச்சான் அடித்தால் கடலுக்கு, வாடை அடித்தால் உள்நாட்டுக்கு. புகைபோக்கியை உயர்த்திக் கட்டினால் தூசு தொலைவுக்குப் போகுமேயன்றி இல்லாமற் போகாது.

பெரிய தூசியை மூக்குமயிரும் தொண்டைச் சளியும் தடுக்கும். 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள் சுவாசப்பையின் சிற்றறைவரை இறங்கும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். அங்கே அழற்சி மூண்டு நாளங்கள் தடிக்கின்றன, இரத்தம் கட்டுகிறது. காற்று மாசினால் மாரடைப்பும் பக்கவாதமும் வருவது இதனால்தான். 2013இல் வெளிக்காற்று மாசு புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டது. 2021இல் உலக சுகாதார அமைப்பு, 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகளின் ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. உலகில் நூற்றுக்கு 99 பேர் அந்த அமைப்பின் வரம்புகளைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

அந்த அமைப்பின் மதிப்பீட்டில் 2019இல் வெளிக்காற்று மாசு 42 இலட்சம் உயிர்களைக் காவுகொண்டது. 2020இல் வீட்டுக்குள் எழும் புகையால் இறந்தவர்கள் 32 இலட்சம். இந்த இரண்டு மாசுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. விறகடுப்பு விடுவதும் இதே பருமனுள்ள நுண்துகள்தான். அதைப் பிடிக்க வடிகட்டி கிடையாது, சமைப்பவரின் முகம் ஒரு முழத் தொலைவில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 5இல் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சூரியத் தகடு கந்தகம் கக்காது. ஆனால் அந்த மின்சாரம் மின்குமிழோடு நின்று, சோறு விறகிலேயே வெந்தால், சம்பூர்ப் பெண்களின் சுவாசப்பைக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். மின்னடுப்போ எரிவாயுவோ கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும். அதுவரை உலர்ந்த விறகும் புகை வெளியேறும் கூரைவழியுமாவது வேண்டும்.