பழைய பிக்கப் வண்டிக்கு ஆக்சிஜன் சென்சார் வாங்கும்போது

வில்லியனூர், பாகூர் பகுதிகளில் கடை நடத்தும் நம் வணிகர்கள் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி உண்டு. விடியற்காலையில் புதுவை பெரிய மார்க்கெட், விழுப்புரம், கடலூர் என்று போய்ச் சரக்கு ஏற்றி வந்தால்தான் நேரத்துக்குக் கடை திறக்க முடியும். வண்டி நின்றுவிட்டால் வாடகை வண்டிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான். ஓடிக்கொண்டே பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தாலோ, அந்த நஷ்டம் கணக்கில் உடனே தெரிவதில்லை. "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார், எதை வாங்குவது?" என்று நம்மிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம்.

முதலில் உங்கள் வண்டியில் அந்தச் சாமான் இருக்கிறதா என்று பாருங்கள். 2005இல் வந்த டாடா ஏஸின் 702 சி.சி. டீசல் எஞ்சினில் அது கிடையாது. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில்தான் இதற்கு முக்கிய வேலை. புகைக்குழாயில் மிஞ்சி வரும் பிராணவாயுவை அளந்து, எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். அதை வைத்தே பெட்டி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். பாஷ் கம்பெனி உருவாக்கிய இந்த சென்சார் 1976இல் வால்வோ காரில் முதன்முதலாக வந்தது. சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் பிற்கால சென்சார்களுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்தார்கள்.

எஞ்சின் விளக்கு எரிந்த உடனே சென்சார் வாங்க ஓடக் கூடாது. ஸ்கேனர் வைத்துக் கோடு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பி0135 என்று வந்தால் முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. அப்போதும் பியூஸையும் வயரையும் பார்த்துவிட வேண்டும். பி0171 என்று வந்தால் காற்று ஒழுக்கோ பெட்ரோல் அழுத்தக் குறைவோகூடக் காரணமாக இருக்கலாம். கிடங்கு ஓரம் வண்டி நிறுத்தும் நமக்கு எலி ஒரு பெரிய விரோதி. கடிபட்ட வயரை மாற்றினாலே சரியாகிற வண்டிக்குப் புது சென்சார் எதற்கு?

பாகூர்ப் பக்கத்து மளிகைக்கார நண்பர் ஒருவரிடம், "நாலு வயர்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரு கடையில் தள்ளிவிட்டார்கள். திருகு ஒழுங்காக ஏறியது, பிளக் சேரவில்லை. வயரை வெட்டி ஒட்டினார்கள். விளக்கும் அணையவில்லை, மைலேஜும் திரும்பவில்லை. 18 மில்லி மீட்டர் மரை பெரும்பாலான சென்சார்களுக்குப் பொது; ஏறுவதால் மட்டும் பொருத்தமாகிவிடாது. நாலு வயரிலேயே சாதா வகையும் உண்டு, வைடுபேண்டு வகையும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. கேசரிப் பருப்பைத் துவரம் பருப்பென்று வாங்கிய கதைதான்.

ஆகவே கடைக்குப் போகும்போது ஆர்.சி.யையும் 17 எழுத்து சேசிஸ் நம்பரையும் கொண்டுபோங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தது, பெயர் ஒன்றாயிருந்தாலும் அதற்கு முன் வந்த வண்டிக்கும் பின் வந்த வண்டிக்கும் பார்ட் நம்பர் மாறலாம். பழைய சென்சாரின் மேல் பொறித்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ளதா, பின்னால் உள்ளதா என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வயர் நீளமும் பிளக்கும் வேறாக இருக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். மற்ற பாகங்களுக்கு நாம் தடை சொல்லமாட்டோம்; இதற்கு மட்டும் வேண்டாம். ஹீட்டர் உள்ள வகை 1,60,000 கி.மீ. வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. கழற்றிய சென்சார் அதில் எவ்வளவு ஓடி முடித்தது என்று யார் சொல்வார்?

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். சரக்கு வண்டிக்கு வாங்குவதால் உள்ளீட்டு வரியும் எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது இல்லை.

மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட் பக்கத்திலேயே வரக் கூடாது. அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். வயரைப் பற்றவைக்கவும் கூடாது, சில வகைகளில் வயர் வழியேதான் வெளிக்காற்று உள்ளே போகிறது. மாட்டியபின் கோடை அழித்து, இரண்டு மூன்று நாள் லோடு அடித்து, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதுவரை பழைய சென்சாரைத் தூக்கிப் போடாமல் புதியது வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.