நல்லது தெரிந்தால் போதுமா? மிஷன் பள்ளிகள் விட்டுச் சென்ற பாடம்

பத்து காஜா வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு செயின்ட் பெர்னடெட் கான்வென்ட் பழகிய பெயர். ஈப்போவில் 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கல் பள்ளியும் அப்படித்தான். ‘கான்வென்ட்டில் படித்த பிள்ளை’ என்றால் ஒழுக்கமாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது? பிரம்பிலிருந்தா, சீருடையிலிருந்தா?

கத்தோலிக்கக் கல்வி மரபு இதற்கு வேறு விளக்கம் தருகிறது. மனிதனுக்குள் இரண்டு ஆற்றல்கள் உண்டு. எது நல்லது என்று கண்டுகொள்வது அறிவு. கண்டுகொண்டதைத் தேர்ந்து செய்வது மனத்திட்பம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் இதை விரிவாக எழுதினார்.

நன்னெறிக் கல்வித் தாளில் ‘நேர்மை’க்கு அழகாக விளக்கம் எழுதி முழுப் புள்ளி வாங்கும் மாணவர், மறுநாளே நண்பரின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதலாம். நேர்மை என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்யும் பலம்தான் இல்லை. அந்தப் பலத்தைத் தருவது பழக்கம். நல்லதைத் தயங்காமல், மனமுவந்து செய்ய வைக்கும் நிலையான பழக்கத்தையே இம்மரபு நற்பண்பு என்கிறது. கற்றபடி நடக்க வேண்டும் என்று வள்ளுவர் வலியுறுத்துவதும் இதைத்தான்.

தோட்டம் அறிந்த உண்மை

பால்மரம் சீவுவதை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்றதில்லை. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் பால் குறையும். சரியான அளவு கைக்கு வர, விடியற்காலையில் எத்தனையோ மரங்களைச் சீவியிருக்க வேண்டும்.

துணிவும் அப்படியே. மிஞ்சினால் முரட்டுத்தனம், குறைந்தால் கோழைத்தனம். விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நான்கையும் தலையாய பண்புகள் என்பார்கள். பள்ளியில் இவை சின்னச் சின்னச் செயல்களாகத்தான் வளரும். பேசும் முன் யோசிப்பது விவேகம். விளையாட்டில் எல்லாருக்கும் முறை கொடுப்பது நீதி. தவற்றை ஒப்புக்கொள்வது துணிவு. கைப்பேசியைக் கீழே வைப்பது தன்னடக்கம்.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

கான்வென்ட் பள்ளிகளை நடத்திய குழந்தை இயேசு சகோதரிகள் 1852இல் பினாங்குக்கு வந்தனர். அவர்களின் சபையைத் தோற்றுவித்த நிக்கோலஸ் பாரே, 1660களில் பிரான்சில் ஏழைச் சிறுமிகளுக்குப் பள்ளி திறந்தவர். நற்பண்பில் எளிமை, கடமையில் உறுதி என்பதே கான்வென்ட் பள்ளிகளின் முழக்கம்.

பாரேயிடம் ஆலோசனை கேட்டவர்களில் ஒருவர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், 1680களில் பஞ்சம் வந்தபோது தம் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். லத்தீனில் அல்லாமல் பிள்ளைகளின் தாய்மொழியிலேயே வாசிக்கக் கற்பித்தார். அவர் தொடங்கிய சபையின் சகோதரர்களே செயின்ட் மைக்கல் பள்ளியை நடத்தினர்.

நல்லாசிரியருக்கு வேண்டிய பன்னிரண்டு பண்புகளையும் லா சால் பட்டியலிட்டார். பொறுமை, சாந்தம், தாழ்ச்சி ஆகியவை அவற்றில் சில. மாணவரிடம் எதிர்பார்ப்பதை முதலில் ஆசிரியரிடம் கேட்டார். பிரம்புக்குப் பயந்து கீழ்ப்படியும் பிள்ளை, பிரம்பு மறைந்ததும் மாறிவிடும். அங்கே மனத்திட்பம் உருவாகவில்லை.

இன்று யார் பொறுப்பு?

1961 கல்விச் சட்டத்துக்குப் பின் மிஷன் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. சகோதரிகளை வகுப்பறையில் காண்பது அரிதாகிவிட்டது. 1988இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவமும் அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் என நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்கிறது. குறிக்கோள் ஏட்டில் இருக்கிறது. பழக்கிவிட ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெற்றோராகவும் இருக்கலாம். வீட்டுப்பாடத்தில் பிழை இருந்தாலும் பிள்ளை தானே எழுதியதைக் கொடுக்கட்டும். ஒப்புக்கொண்ட வேலையை யாரும் நினைவூட்டாமல் முடிக்கட்டும். உண்மையைச் சொன்ன பிள்ளையை அந்த நேரத்தில் அடிக்காமல் இருப்பது பெற்றோருக்கான பயிற்சி. எஸ்.பி.எம். சான்றிதழில் இதற்குப் புள்ளி கிடைக்காது. ஆனால் வேலைக்கும் குடும்பத்துக்கும் அந்தப் பிள்ளை கொண்டுபோவது இந்தப் பழக்கத்தைத்தான்.