பழைய ஸ்பீக்கர் வாங்க அண்ணையைக் கூட்டிவரத் தேவையில்லை

எமது பிரதேசத்துப் பெண் ஒருத்தி தையல் இயந்திரம் வாங்கப் போனால் கடைக்காரர் கதிரை போட்டு இருத்தி விளக்கம் சொல்லுவார். அதே பெண் பாவித்த அம்பிளிபயர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் முகம் மாறிவிடும். "உங்களுக்கு உது விளங்காது அக்கா, அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பார். கூட்டிவருவதற்கு அண்ணை இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனை என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாழ்வாதார உதவி என்று வருகின்றவர்களும் எங்களுக்குக் கோழிக்குஞ்சும் தையல் ஊசியும் தந்தார்களே தவிர, மின்சாரம் அளக்கும் மீற்றர் ஒன்றைத் தந்ததாக நான் அறியவில்லை.

நான் ரேடியோ திருத்தும் வேலையை என் ஐயாவிடம் பழகினேன். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகியது. அந்த நாட்களில் சைக்கிளை நிறுத்திவைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோக் கேட்டவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதற்கு இடையில் டயோட் போட்டு இரண்டையும் பொருந்தச் செய்வதே ஐயாவின் வேலை. ஒன்றுக்கென்று செய்யப்படாத இரண்டு பொருட்களை ஒன்றாக வேலை செய்ய வைக்கலாம் என்பதை அங்கேதான் கண்டேன். இலங்கையின் வானொலியே அப்படித்தான் தொடங்கியது. 1920களில் கொழும்பில் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர்கள், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியைச் செய்தார்கள். பாவித்த சாமான் என்று முகஞ்சுளிப்பவர்களுக்கு இதை நான் சொல்லுவதுண்டு.

எங்கள் கிராமத்து மாதர் சங்கம் கூட்டத்துக்கும் முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வாடகைக்கு ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு செற் வாங்குவோம் என்று கிழமைக்குக் கிழமை சேர்த்த பணம் 45,000 ரூபா. அதில் ஒருவர் முட்டை விற்ற காசு, இன்னொருவர் கச்சான் விற்ற காசு. கை தவறினால் அதைத் திரும்பச் சேர்க்க இரண்டு வருடம் வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பிறகு, புதிய நல்ல செற் ஒன்று அந்தப் பணத்துக்குக் கிடைக்காது. ஆகவே பாவித்த பொருள்தான் என்று முடிவாகியது. தலைவியும் பொருளாளரும் என்னையும் சேர்த்துக்கொண்டு பட்டணம் போனார்கள்.

முதற் கடையில் நிறநிறமாக விளக்கு எரியும் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். முன்பக்கத்தில் 5,000 வாற் என்று பெரிதாக ஒட்டியிருந்தது. பொருளாளருக்கு அதில் மனம் போய்விட்டது. நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அது மின்சார சபையின் கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரம் 60 வாற் என்று சிறிய எழுத்தில் இருந்தது. 60 வாற் வாங்குகின்ற பொருள் 5,000 வாற் எப்படிக் கொடுக்கும்? ஒரு கொத்து அரிசி போட்டு ஒரு மூடை சோறு எடுப்பதாகச் சொல்லுகின்ற கதை அது. இப்படியான பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் வாற்தான் உண்மையில் தொடர்ந்து கிடைப்பது. முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் வாங்குபவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடையில் தூசி படிந்த ஜப்பான் அம்பிளிபயர்கள் அடுக்கியிருந்தன. சன்சுயி, பயனியர், கென்வூட், யமஹா என்று 1970களிலும் 80களிலும் பெயர்பெற்றவை. இவற்றைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் ரான்ஸ்போமர் பெரியது என்று அர்த்தம். ஆனால் வாங்கமுதல் வோல்ற்றைப் பார்க்காமல் பிளக்கைச் சொருகக் கூடாது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். எங்களுடையது 230 வோல்ற். ஜப்பானுக்குள்ளேயே விற்கச் செய்த பொருளை நேரடியாக எங்கள் சுவரில் கொழுவினால் புகை வரும். வெளிநாட்டுக்கென்று செய்தவற்றில் சிலவற்றின் பின்பக்கத்தில் வோல்ற்றை மாற்றும் ஆளி இருக்கும். 100 வோல்ற் மட்டும் என்று இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரான்ஸ்போமர் ஒன்றும் வாங்க வேண்டும். அதன் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

இனிப் பொருத்தம். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம், இங்கே பிரதானமானது ஒன்றுதான். ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் 4, 6, 8 என்று ஓர் எண்ணும், பக்கத்தில் குதிரை லாடம் போன்ற குறியும் இருக்கும். அதை ஓம் என்பார்கள். மின்சாரம் ஓடுவதற்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடையின் அளவு அது. எண் குறையக் குறைய ஸ்பீக்கர் அம்பிளிபயரிடமிருந்து கூடுதலான ஓட்டத்தை இழுக்கும். அம்பிளிபயரின் பின்பக்கத்தில் ஆகக் குறைந்தது 8 ஓம் என்று எழுதியிருக்க 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால், தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு ஓட்டம் போகும். தொடக்கத்தில் நல்லாய்ச் சத்தம் வரும். அதுதான் ஆபத்து. அரை மணித்தியாலத்தில் மூடி கை வைக்க முடியாதபடி சுடும், பிறகு உள்ளிருக்கும் ரான்சிஸ்ரர் போய்விடும். மாறாக 4 ஓம் தாங்கும் அம்பிளிபயருக்கு 8 ஓம் ஸ்பீக்கர் பூட்டினால் சத்தம் சற்றுக் குறையும், வேறு கேடு இல்லை.

ஒரே பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பூட்ட விரும்புகின்றவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக, அதாவது சிவப்பைச் சிவப்புடனும் கறுப்பைக் கறுப்புடனும் சேர்த்துப் பூட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகப் பூட்டினால் 16 ஓம். பாடசாலையில் படித்த விஞ்ஞானந்தான், ஸ்பீக்கர் கடையில் நின்று நினைத்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒரு சிறிய எண். நல்ல ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தில் 87 டெசிபல், 90 டெசிபல் என்று இருக்கும். ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது அது. மூன்று டெசிபல் கூடினால் அம்பிளிபயரின் வாற்றை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 25 வாற் கொடுத்த 90 டெசிபல் ஸ்பீக்கரும் 50 வாற் கொடுத்த 87 டெசிபல் ஸ்பீக்கரும் ஒரே சத்தந்தான். கையில் காசு குறைந்தவர்கள் பெரிய அம்பிளிபயருக்குச் செலவழிப்பதை விட்டு, டெசிபல் கூடிய ஸ்பீக்கரைத் தேட வேண்டும் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

நாங்கள் தெரிவுசெய்த அம்பிளிபயர் பக்கத்துக்கு 45 வாற், ஆகக் குறைந்தது 8 ஓம். கடைக்காரர் அதற்குப் பெரிய 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைத் தள்ளிவிடப் பார்த்தார். வேண்டாமென்று, மூலையில் கிடந்த 8 ஓம், 90 டெசிபல் சோடியை எடுக்கச் சொன்னோம். கைப்பைக்குள்ளிருந்து மீற்றரை எடுத்தபோது அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

மீற்றரால் பார்த்தவை இரண்டு. ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். அது சரி, பயப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கொயில் எரிந்துவிட்டது. மற்றது முக்கியமானது. அம்பிளிபயரை ஸ்பீக்கர் பூட்டாமல், பாட்டும் போடாமல் இயக்கிவிட்டு, மீற்றரை நேரோட்ட வோல்ற்றில் வைத்து ஸ்பீக்கர் பூட்டும் முனைகளை அளக்க வேண்டும். 0.05 வோல்ற்றுக்கு உட்பட்டிருந்தால் நல்லது. இரண்டு மூன்று வோல்ற் காட்டினால் உள்ளே பழுது இருக்கின்றது, அது உங்கள் ஸ்பீக்கரையும் எரிக்கும். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

மற்றவை கையாலும் காதாலும் பார்ப்பவை. ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமத்தினால் சத்தமில்லாமல் போய்வர வேண்டும். உரஞ்சினால் கொயில் சாய்ந்துவிட்டது. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சாக இருந்தால் எங்கள் வெக்கைக்கும் ஈரப்பதனுக்கும் பொடிப்பொடியாக உதிரும், இறப்பர் வளையம் நீடிக்கும். சத்தம் கூட்டும் திருகி கரகரத்தால் அதற்கென்று விற்கும் சுத்தமாக்கும் திரவத்தை விசிறினால் பெரும்பாலும் சரியாகும். சத்தத்தை முற்றாகக் குறைத்த பிறகும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் கண்டன்சர் கிழடாகிவிட்டது. மாற்றலாம், ஆனால் விலையில் கழிக்க வேண்டும். திருகாணித் தலைகள் கீறுப்பட்டிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் சோடியில் ஒரு ஸ்பீக்கரின் நுரை வளையம் உதிர்ந்திருந்தது. "அதொண்டும் பிரச்சினை இல்லை அக்கா" என்றார் அவர். பிரச்சினை இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கோ என்றார் எங்கள் தலைவி. 16,000 சொன்ன சோடி 12,000க்கு வந்தது. புதிய வளையத்தை வீட்டில் வைத்து இறப்பர்ப் பசையால் நானே ஒட்டினேன். அம்பிளிபயர் 18,000. அதில் ஒலிவாங்கி பூட்ட வழியில்லை என்பதால் பாவித்த சிறிய மிக்ஸர் ஒன்றுக்கு 9,000. வயர், வளையம், திரவம் எல்லாம் 3,500. மீதி 2,500 ரூபாவைத் திருத்தச் செலவுக்கென்று வைத்திருக்கிறோம்.

இந்தச் செற் மண்டபத்துக்கும் முற்றத்துக்கும் போதும், கோயில் திருவிழாவுக்குப் போதாது. மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளில் பல 100 வோல்ற் முறையில் வேலை செய்பவை. அவற்றுக்கென்று வேறு அம்பிளிபயர் உண்டு. வீட்டு அம்பிளிபயரில் கொழுவிப் பார்ப்பது வீண்.

எல்லோருக்கும் பெரிய செற் தேவையுமில்லை. 2009ஆம் ஆண்டில் காணாமற்போன மகனுடைய குரல் பதிந்த கசற் ஒன்றுடன் ஒரு தாய் என்னிடம் வந்தார். பாடசாலைப் பேச்சுப் போட்டியில் அவன் பேசியது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோனவர். அவரிடம் இருந்தது 10,000 ரூபா. மனிதக் குரலை விளங்கிக்கொள்ளப் பெரிய வூபர் வேண்டியதில்லை, ஐந்து அங்குல ஸ்பீக்கரும் ஒரு ருவீற்றரும் தாராளம். சீடி வேலை செய்யாத பழைய கொம்போ செற்றைக் கடைக்காரர்கள் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அதில் கசற் பகுதி ஓடினால் எங்களுக்குப் போதும், ஸ்பீக்கரும் அதற்கென்றே செய்ததாக இருப்பதால் ஓம் பார்க்கும் கவலையும் இல்லை. கசற் படிக்கும் தலையை ஸ்பிரிற்றால் துடைத்து, முதலில் வேறு கசற் போட்டு நாடாவை இழுக்கவில்லை என்று உறுதிசெய்தபின் அவருடையதைப் போட்டேன். முதல் தரம் ஓடும்போதே கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டோம், பழைய நாடா எப்போதும் அறுந்துபோகலாம். உங்களிடமும் இப்படியான கசற் இருந்தால் பிந்த வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு சோதனை. ஒன்றரை வோல்ற் பற்றரியின் தொப்பி முனையைச் சிவப்பிலும் அடியைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் மேளச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த ஒன்றின் வயரை மாற்றிப் பூட்டினால் சரி. கைத்தொலைபேசியைப் 'போனோ' என்று எழுதிய துவாரத்தில் கொழுவ வேண்டாம், அது இசைத்தட்டுக்கு உரியது. 'ஓக்ஸ்' என்பதில் கொழுவுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கண்டன்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆகவே பழகாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். ஐப்பசி மாதத்து இடி மின்னலுக்குப் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிட வேண்டும், ஆளியை மட்டும் நிறுத்தினால் காணாது.

சங்கத்தின் செற் பொருளாளர் வீட்டில் பழைய சேலையால் மூடி இருக்கின்றது. சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் வாடகை உண்டு. செத்தவீட்டுக்கு வாங்குவதில்லை. கொண்டுபோகின்றவர்கள் ஸ்பீக்கர் வயரில் சிவப்பு நூல் கட்டிய பக்கத்தைச் சிவப்பு முனையில் பூட்ட வேண்டும் என்று அம்பிளிபயரின் மேல் கடதாசியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.