விலைபோக மறுத்த ஆட்டக்காரர்

கர்ட் ஃபிளட் (1938–1997), செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் சென்டர் ஃபீல்டர். களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து 7 முறை வென்றவர்.

1969 அக்டோபரில் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியா அணிக்குக் கைமாற்றினார்கள். அன்றைய 'ரிசர்வ்' விதி அப்படி: ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணி உரிமையாளரின் பிடியில்தான். வேறு அணியோடு சம்பளம் பேசவே முடியாது.

ஃபிளட் போக மறுத்தார். வாங்கி விற்கும் சொத்து அல்ல நான் என்ற பொருளில் டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். பிறகு வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குபவருக்கு என்ன குறை என்று கேட்டவர்கள் உண்டு. அவர் கேட்டது பணத்தை அல்ல, தன் உழைப்பை எங்கே தருவது என்று தானே முடிவு செய்யும் உரிமையை.

வழக்குச் செலவை ஆட்டக்காரர் சங்கம் ஏற்றது. ஓய்வு பெற்றிருந்த பேஸ்பால் ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது களத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1975இல் வேறு இரு ஆட்டக்காரர்களின் வழக்கில் நடுவர் தீர்ப்பால் அந்த விதி உடைந்தது. ஃபிளட்டின் ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 1998இல், அவர் இறந்த மறு ஆண்டு, நிறைவேறியது.